கடல்நாய் கிழித்த வலை

எங்கள் மீனவ ஊர்க் கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார் அந்திமோஸ், "கடல்நாயைச் சுடாதீங்க. அதுவும் ஆண்டவர் படைச்சதுதான்" என்றார்.

பின்னால் நின்ற மீனவன் ஸ்ட்ராட்டிஸ் குரல் கொடுத்தான். "சாமி, அது உங்க அங்கியையா கிழிக்குது? மீனைத் திருட என் வலையைத்தானே கிழிக்குது?"

கோயிலே சிரித்தது. பாதிரியார் முகம் சிவந்து, பூசையைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை அவர் படகுத்துறைக்கு வந்து ஸ்ட்ராட்டிஸின் அருகில் தரையில் உட்கார்ந்தார். கிழிந்த வலையின் ஒரு முனையை மடியில் இழுத்துப் போட்டு, வலை பின்னும் ஊசியைக் கேட்டார்.

"இந்த முடிச்சுல திமிங்கிலமே நுழைஞ்சு போயிடும் சாமி" என்று அவன் பிரித்துப் பிரித்துக் கொடுத்தான். அவர் அலுக்காமல் மறுபடி போட்டார். வாரம் முழுக்க வந்தார். விரலெல்லாம் கீறல்.

ஒரு நாள் துறையை ஒட்டிக் கடல்நாய் தலை தூக்கியது. பக்கத்தில் இன்னொரு சின்னத் தலை. படகிலிருந்த துப்பாக்கியை நோக்கிப் போன ஸ்ட்ராட்டிஸின் கை பாதியில் நின்றது.

"குட்டி போட்டிருக்கா, திருட்டுக் கழுதை" என்றான் மெதுவாக.

பாதிரியார் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த முடிச்சைப் போட்டார்.

"சாமி, நம்ம பசங்க உங்க பிரசங்கத்துக்கெல்லாம் மசிய மாட்டானுங்க. நான் பேசிக்கிறேன்."

அன்று மாலையே காப்பிக் கடையில் மற்ற மீனவர்களிடம், கெட்ட வார்த்தைகளோடு பேசினான். அந்த வருஷம் எங்கள் துறையில் யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை.