சியரா நெவாடாவில் வாய்க்கால் வேலை

சந்திரகலாவுக்கு மலை என்றாலே ஆகாது. கொடைக்கானல் பஸ்ஸில் வழி நெடுக வாந்தி எடுத்தவள். மேடு பள்ளமில்லாத பஹ்ரைன் அவளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அவள் கணவர் சேதுராமன் அலுமினியத் தொழிற்சாலையில் எஞ்சினியர். ஈத் லீவுக்கு ஸ்பெயினில் சியரா நெவாடா மலைக்குப் போகிறோம், அங்கே தங்க, சாப்பிட எல்லாம் இலவசம் என்று ஒருநாள் வந்து நின்றார். இலவசம் என்றதுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இணையத்தில் தேடிப் பார்த்தாள். சுற்றுலா இல்லை, வேலை. அரபுக்காரர்கள் ஆண்ட காலத்தில் மலைச்சரிவில் வெட்டிய வாய்க்கால்கள் மண்மூடிக் கிடந்தன. பனி உருகி வரும் தண்ணீர் கீழே கிராமங்களுக்குப் போய்ச் சேர, யாராவது இறங்கித் தூர்வார வேண்டும்.

"வீட்ல சிங்க் அடைச்சா பிளம்பரைக் கூப்பிடுற ஆளு நீங்க" என்றாள்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. சேதுராமன் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஈசா டவுன் குடியிருப்பின் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார். லிஃப்ட் கெட்டுவிட்டதென்று நினைத்து வாட்ச்மேன் ராக்கப்பன் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

மலையில் முதல் நாள், வாய்க்காலின் சரிவு வாட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சேதுராமன் ஊர்ப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். ஒரு வார்த்தையும் புரியாத அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் சேதுராமனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் குடிலில் விட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் அவர் ரசம் வைத்தார். சூப் என்று நினைத்து எல்லோரும் இரண்டு கிண்ணம் குடித்தார்கள். அதோடு அவர் சமையலறைக்கு நிரந்தரமாகிவிட்டார்.

சந்திரகலாதான் முழங்கால் சேற்றில் நின்று முள்ளும் கல்லும் வாரினாள். ஊர்க்காரர்கள் அதை 'அசேக்கியா' என்றதும், பஹ்ரைனில் அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஆமிரா அரபியில் வாய்க்காலுக்குச் சொல்லும் 'ஸாக்கியா'தான் அது என்று பிடிபட்டது. கடைசி நாள் உச்சிக்குக் கீழே மடையைத் திறந்தார்கள். சருகுகளைத் தள்ளிக்கொண்டு கலங்கலாகத் தண்ணீர் வந்தது. அவள் கரையோரமாக அதன்கூடவே ஓடினாள். ஏன் ஓடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நின்றபோது கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது.

பஹ்ரைன் திரும்பியதும் நண்பர்களை விருந்துக்கு அழைத்து, "நாங்க தோண்டினோம், நாங்க திறந்துவிட்டோம்" என்று சேதுராமன் அளந்துகொண்டிருந்தார். சந்திரகலா பரிமாறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கஜாலினி கேட்டாள்: "மேல நிண்டு பாக்கேக்க எப்பிடி இருந்தது அண்ணை?"

சேதுராமன் மனைவியைப் பார்த்தார். அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"முதல் நாளுக்கப்புறம் நான் குடிலைத் தாண்டவே இல்லைம்மா. கலாதான் போனா. அவளைக் கேளுங்க."

சந்திரகலா கரண்டியும் கையுமாக உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். சாதம் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்களா என்று கஜாலினி விசாரித்தாள்.

"எடுப்பாங்க. எங்க ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். இவர் சமையலுக்கு."

சேதுராமனுக்கு இது புதுச் செய்தி. சற்று யோசித்தார். அங்கே இருக்கிற பாத்திரம் பத்தாது, பெரிய குக்கராக ஒன்று கொண்டுபோக வேண்டும் என்றார்.