பதினொரு மணிக் கையெழுத்து

கடையின் மேல்மாடியில், அலுவலக அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அக்காவும் தங்கையும் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தார்கள். அக்கா வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு, ஒடிந்த இடுப்பு நோகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன், ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் அவள் வழுக்கி விழுந்தது இந்தக் கடையில்தான். தங்கை தரை துடைக்கும் அதே கடை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் நின்று இஸ்திரி போட முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றால்தானே அவளுக்குச் சோறு! கடை நஷ்டஈடு கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வாக்கர்தான்.

"உள்ள போய் அழுது தொலைக்காதடி. உன் மூக்கு ஒழுகி நான் மறுபடி வழுக்கப் போறேன்" என்றாள் அக்கா. தங்கைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

உள்ளே, கடையின் வக்கீல் ஒரு தாளைத் தங்கையின் பக்கம் திருப்பினார்.

"பதினொரு மணி. 'தரை துடைத்தாயிற்று, ஈரம் இல்லை.' இது உங்க கையெழுத்துதானே?"

தங்கை தாளைக் குனிந்து பார்த்தாள். மணிக்கு ஒன்றாக, ஒரு நாளைக்கு எட்டுக் கையெழுத்து. எட்டையும் காலையிலேயே போட்டுவிட்டுத்தான் எல்லாரும் மாப்பைத் தொடுவார்கள். பேனாவை நீட்டுவதே மேனேஜர்தான். ஊரோடு ஒத்து ஓடியவள் அவளும்.

"என்னுதுதான் சார். ஆனா அத காலையிலயே போட்டேன். பதினோரு மணிக்கு மேனேஜர் என்னை லாரிச் சரக்கு இறக்க அனுப்பிட்டாரு. பெட்டி ஒழுகுதுன்னு முந்தின நாளே சொன்னேன் சார்."

"எங்கிட்ட யாரும் சொல்லல" என்றார் மேனேஜர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப இது பொய்க் கையெழுத்து" என்றார் வக்கீல். "வேலை போகும். நஷ்டஈட்டையும் கடை உங்ககிட்டதான் கேட்கும். கேஸும் வரலாம். இல்ல, துடைச்சது நிஜம்னா தரை காஞ்சிருந்துச்சு, இவங்க தானா விழுந்தாங்க. எதுன்னு சொல்லுங்க."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். எது வந்தாலும் வரட்டும்.

"நான் துடைக்கல சார்."

அக்காவின் கை அவள் முழங்கையை இறுகப் பிடித்தது.

"அவ துடைச்சுட்டா சார். செருப்பு தடுக்கி நானாத்தான் விழுந்தேன். தரை காஞ்சுதான் இருந்துச்சு."

"அக்கா! ஏன் பொய் சொல்றே?"

"சும்மா கெட. உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்கடி போறது?"

வக்கீல் ஏற்கெனவே ஒரு தாளை எடுத்து வைத்திருந்தார். புகார் ஏதுமில்லை என்ற வரிக்குக் கீழே அக்கா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே சரக்கு லிஃப்ட் திறந்து கிடந்தது.

"சார், இதுலயாவது அக்காவ இறக்கிடறேன். ஏறி வந்ததே பெரும்பாடு, படி இறங்க மாட்டா."

மேனேஜர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"அதுல ஆளுங்க ஏறக் கூடாதும்மா. ஏதாவது ஆச்சுன்னா கடைதான் பதில் சொல்லணும்."

அக்கா வாக்கரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மேல்படியில் மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை அடுத்த படிக்கு இறக்கினாள்.