மம்மியின் பண்ணையில் ஒரு ரொட்டிக்காரர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. தவக்காலத்துக்கு எதை விடுவது என்று என் மம்மி யோசித்ததில் உதித்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் திருநீற்றுப் புதன் நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும்: ஈஸ்டர் வரை எதை விடப்போகிறாய்? ஒருவர் கோழியை விடுவார், ஒருவர் பீரை விடுவார். என் அண்ணன் ரேமண்ட் வருஷா வருஷம் பாகற்காயை விடுவான் [அவன் பாகற்காயை மற்ற நாட்களிலும் தொடுவதில்லை]. இந்த வருஷம் என் மம்மி, ஓய்வுபெற்ற ஆசிரியை அன்னமேரி, சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்: "நான் கேம் விளையாடுறத விடப்போறேன்."

ரேமண்ட் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு தொடக்கம் இப்படி இருந்தது: "ஜெலுத்தோங் ஃபிளாட்டின் சன்னலில் நின்றால் கடல் தெரிந்தது, அந்தக் கடலின் மேல் அந்திச் சூரியன்..." வேண்டாம். எங்கள் சன்னலில் தெரிவது எதிர் ஃபிளாட்டின் துணிக்கொடி. இன்னொன்று: "வாழ்க்கையே ஒரு விளையாட்டுத்தான் என்று..." ஐயோ, வேண்டவே வேண்டாம். நேராக டிவியில் மாட்டியிருக்கும் கேம் கன்சோலுக்கே போய்விடுவோம்.

2

நான் ஜோவான். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை. காலையில் ஃபெர்ரி, சாயங்காலம் மறுபடி ஃபெர்ரி, அதற்குப் பிறகு கன்சோல். முப்பது வயதைத் தாண்டிய பெண் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரக்கனை வெட்டுவதைப் பார்த்தால் சில சொந்தக்காரர்களுக்கு வயிறு எரியும். எரியட்டும். என் கருத்துகளையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காது. 'எளிது' என்ற நிலையில் விளையாடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. முகம் தெரியாத எவனிடமோ இணையத்தில் திட்டு வாங்குவதைவிட, சோபாவில் பக்கத்தில் இருப்பவரிடம் முழங்கையால் இடி வாங்குவது எவ்வளவோ மேல். கன்சோல் என்பது வீட்டுக்கூடத்துப் பொருள். அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

என் அப்பா ஃபெர்ரியில் வேலை பார்த்தவர். அவர் காலமான வருஷம் மம்மி கூடத்தில் சும்மா உட்கார்ந்து டிவியின் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கண்ட்ரோலரைக் கையில் திணித்தேன். கடலோரக் கிராமம், ஒரு பண்ணை, ஒரு மாடு. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அதன் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. நீங்கள் ஒரு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் செடி வாடும், மாடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

மம்மி மாட்டுக்கு மதலேன் என்று பெயர் வைத்தார். எங்கள் பழைய கண்ட்ரோலரில் ஆளை நகர்த்தும் இடது குச்சி தானாகவே இடப்பக்கம் இழுக்கும். மம்மி சும்மா இருந்தாலும் அவருடைய ஆள் திரையில் இடப்பக்கமே நடந்துபோவாள். அங்கே ஒரு கலங்கரை விளக்கம், அதன் வாசலில் தொப்பி போட்ட ஒரு காவலர். போன தோஷத்துக்கு மம்மி அவருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு மீன் கொடுத்தார். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாதே! காவலரின் அன்பைக் காட்டும் இதயக் குறிகள் அத்தனையும் நிறைந்துவிட்டன. மோதிரம் வாங்கிக் கொடுத்தால் கல்யாணம்தான். மம்மி மட்டும் மோதிரம் வாங்கவே இல்லை.

அதே கிராமத்தில் இன்னொருவரும் உண்டு, ரொட்டிக்காரர். வேறு ஊரிலிருந்து வந்து கடை போட்டவர். தினமும் மம்மியின் பண்ணை வாசலில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டு நிற்பார். மம்மி அவரிடம் பேசியதே இல்லை. "வேத்தூரான். என்னா எண்ணத்துல வரானோ," என்பார்.

(விளையாட்டில் தமிழ் கிடையாது. இந்தக் கதையில் அங்குள்ளவர்கள் தமிழ் பேசினால் அது என் கைங்கரியம்.)

3

இப்போது என் அண்ணி கோகிலாவைக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவரைச் சமையலறை மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் மருமகளாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி அப்படிப்பட்ட ஆளே இல்லை. செட்டியார் வீட்டுப் பெண். வங்கி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். சத்தமாகச் சிரிப்பார், பசித்தால் யாருக்கும் காத்திராமல் முதல் ஆளாகச் சாப்பிடுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன், கிறிஸ்மஸுக்கு எங்கள் கோயில் என்று இரண்டு பக்கமும் குறை வைக்காதவர். ரேமண்டும் அவரும் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னார்கள்.

மம்மி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். "இந்தாம்மா." சோறு வேண்டுமா என்றாலும் இந்தாம்மா, ஃபோன் அடிக்கிறது என்றாலும் இந்தாம்மா. நாற்பது பிள்ளைகளின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்த டீச்சர் அவர். பெயர் மறந்துவிட்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். அண்ணி என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "என் பேரு அவ்ளோ கஷ்டமா ஜோவான்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

4

தவக்காலம் தொடங்கிய காலை, மம்மிக்கு ஒரு சந்தேகம்.

"யாராச்சும் தண்ணி ஊத்தணும்லா. தவம் எனக்குத்தான். மாடு என்னா பாவம் பண்ணுச்சு?"

ரேமண்டுக்குப் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை ஷிஃப்ட். நான் ஃபெர்ரியைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

"நான் ஊத்துறேன் அத்தை," என்றார் அண்ணி. வாழ்க்கையில் கண்ட்ரோலரைத் தொட்டதில்லை அவர்.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோதுதான் இந்த ஏற்பாட்டை நேரில் பார்த்தேன். மம்மி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை. பின்னால் சோபாவில் அண்ணி.

"வேலி தெரியுதா?"

"தெரியுது அத்தை. மாடு மொறைக்குது."

"மொறைக்கல. அது மூஞ்சியே அப்படித்தான். தடவிக் குடு."

"எந்த பட்டன்?"

"ஏ. அருள் நிறைந்த மரியே வாழ்க... ஏ-ன்னு சொன்னேன்ல! எக்ஸ் அமுத்துனா கோடாரி வரும்!"

கோடாரி வந்துவிட்டது. மதலேன் வேலியைத் தாண்டி ஓடியது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, மம்மியின் முதுகும் குலுங்கியது.

"மம்மி, இது விரதமா, ரேடியோவா?" என்றேன்.

"நான் பாக்கலையே. தொடலையே."

"ஃபாதர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"ஃபாதருக்கு ஆயிரம் வேல. நீ போய் துணி காயப்போடு."

[இந்தப் பகுதியை இன்னும் நீட்டலாம். அண்ணி நாளுக்கு நாள் கிரிக்கெட் வர்ணனைபோல ஆகிப்போனதை, 'மழை வருது அத்தை, தக்காளி பழுத்திருச்சு, ரொட்டிக்காரன் வந்துட்டான்' என்று அவர் சொல்லச் சொல்ல மம்மி பதில் கொடுத்ததை, பேச்சு பண்ணையிலிருந்து அண்ணியின் அம்மா வைக்கும் குழம்புக்குப் போனதை எல்லாம் எழுதலாம். நான் பாதி நாள் ஆபீஸில் இருந்தேன். பார்க்காததை நிறைய எழுதினால் அண்ணி கண்டுபிடித்துவிடுவார்.]

ஒன்று மட்டும் நான் கண்ணால் பார்த்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கெம்போங் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பேச்சு ஓயவில்லை. 'இந்தாம்மா'தான் இன்னும். ஆனால் அந்த 'இந்தாம்மா'வில் பழைய விறைப்பு இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

5

கதையில் ஒரு வில்லன் வேண்டும் என்றால், இதோ: தானியங்கிச் சேமிப்பு.

பழைய கன்சோல்களில் நாம் சேமித்தால்தான் உண்டு. தப்பு செய்துவிட்டோமா, பிளக்கைப் பிடுங்கு. மறுபடி போட்டால் ஊர் பழையபடி இருக்கும். இப்போதெல்லாம் நீங்கள் எதைச் செய்தாலும் திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சுற்றி முடித்தால் அவ்வளவுதான், நடந்தது நடந்ததுதான். நானோ இந்தக் கதையில் எந்த வாக்கியத்தையும் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அண்ணிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

6

பெரிய வெள்ளி. மம்மி மத்தியானமே கோயிலுக்குப் போய்விட்டார். அண்ணி தனியாக விளையாடினார். கிராமத்தில் அன்று பூத்திருவிழா. ரொட்டிக்காரர் ஒரு பூமாலையோடு பண்ணை வாசலில் வந்து நின்றார். திரையில் எழுத்து வந்தது: என்னை மணப்பாயா? இடப்பக்கம் 'சரி', வலப்பக்கம் 'மன்னிக்கவும்'.

முதல் வரைவில் நான் எழுதியது: "பழுதான குச்சி தானாகவே இடப்பக்கம் இழுத்தது. கோகிலா பதறிப்போய் பட்டனை அழுத்த..."

மறுநாள் வெளியே போயிருந்தபோது அந்த வரைவை அண்ணிக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"குச்சி மேல பழியப் போடாத ஜோவான். நான்தான் அமுத்துனேன்."

"தெரியாமத்தானே அண்ணி?"

"நல்லா தெரிஞ்சு. மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் டெய்லி வந்து நிக்கிறான். ரொட்டி வெச்சிட்டுப் போறான். அத்தை ஒரு வார்த்த பேசல. கேட்டா வேத்தூரான்னு சொல்றாங்க. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு லா. அமுத்திட்டேன். அமுத்துனதுக்கு அப்புறம்தான் பயந்துட்டேன். பிளக்கையும் பிடுங்கிப் பாத்தேன்."

வட்டம் சுற்றி முடித்திருந்தது. கல்யாணம் சேமிக்கப்பட்டுவிட்டது.

வாசகரே, பாருங்கள். நான் ஒரு தவறைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். என் கதாபாத்திரம் ஃபோன் போட்டு, அது தவறே இல்லை என்கிறார். ஆனால் ஆபத்து மாறவில்லை. தவக்காலம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பேச்சு, ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டதும் பழைய 'இந்தாம்மா'வுக்கே திரும்பிவிடலாம். அண்ணி பயந்தது அதற்குத்தான். நானும்தான்.

7

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வரும் வழியில் அண்ணி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வரிசையில் நின்று எல்லாருக்கும் சோறும் குழம்புமாக நாசி கண்டார் வாங்கினார். மம்மிக்கு மட்டும் மீன்முட்டை கூடுதலாக. லஞ்சம் என்று எனக்குத் தெரியும்.

மம்மி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். டிவிக்கு நேராக. கண்ட்ரோலரைக் கையில் எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். திரை வெளிச்சமானது. பண்ணை வீட்டின் அடுப்படியில் ஒருவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்.

"காலை வணக்கம், அன்பே. ரொட்டி சூடாக இருக்கிறது."

"யார்டா இவன்?" என்றார் மம்மி.

இங்கே நான் எழுதிப் பார்த்த முடிவுகள்: (அ) மம்மி அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுகிறார். நான் மம்மியோடு முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன், நம்ப முடியவில்லை. (ஆ) மம்மி கண்ட்ரோலரை எறிகிறார். டீச்சர் அவர். பிள்ளைகள் மேல் சாக்குக்கட்டியைக்கூட எறிந்ததில்லை. (இ) ரேமண்ட் குறுக்கே புகுந்து சமாதானம்... ரேமண்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இது. அண்ணி எழுந்து நின்றார்.

"நான்தான் அத்தை. தப்பா அமுத்தல. தெரிஞ்சேதான் அமுத்துனேன்."

"எதுக்கு?"

"டெய்லி வந்து வாசல்ல நின்னான். நீங்க பேசவே இல்ல."

மம்மி திரையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார்.

"நான் அந்தக் காவலரக் கட்டிக்கப் போறேன்னு நெனச்சியா?"

"ஆமா அத்தை. அதான் பயமா இருக்கு. மன்னிச்சிருங்க."

"அவரு உங்க மாமா மாதிரியே தொப்பி போட்டுக்கிட்டு தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மீன் குடுக்கலாம். கட்டிக்கவா முடியும்? அவரத்தான் ஏற்கனவே கட்டியாச்சேலா."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த அதே வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. அப்பாவை நினைத்து நாங்கள் அந்தக் கூடத்தில் வெகுநாள் அழாமல் இருந்தோம்.

"ஆனா," என்று மம்மி டீச்சர் குரலை எடுத்தார். "என்னக் கேக்காம இந்த வீட்ல நடக்குற ரெண்டாவது கல்யாணம் இது."

ரேமண்டுக்குப் புரையேறியது.

8

வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. விளையாட்டுக் கிராமத்திலும் ஒரு நகராண்மைக் கழகம் உண்டு. அங்கே போய்த் திருமணத்தை ரத்து செய்யலாம். மம்மி தன் ஆளை விறுவிறுவென்று அங்கே நடத்திக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்: உறுதியாக ரத்து செய்யவா? இடப்பக்கம் 'வேண்டாம்', வலப்பக்கம் 'ஆம்'.

மம்மி அழுத்தவில்லை. கண்ட்ரோலரை அண்ணியிடம் நீட்டினார். "நீ கட்டி வெச்ச. நீயே அறுத்து விடு."

"என்னால முடியாது அத்தை." அண்ணி அதை ரேமண்ட் மடியில் போட்டார். அவன் கையெல்லாம் குழம்பு. என்னிடம் தள்ளினான்.

"எழுதுறவதானே, நீ அமுத்து," என்றார் மம்மி.

எழுதுகிறவள்தான். அதனாலேயே அழுத்தமாட்டேன். 'ஆம்' என்று எழுதினால் அண்ணி முகத்தை எப்படிப் பார்ப்பது? 'வேண்டாம்' என்று எழுதினால் மம்மியைக் கேட்காமல் இந்த வீட்டில் கல்யாணம் நடத்திய மூன்றாவது ஆளாகிவிடுவேன். ஆகவே இந்தாருங்கள், கண்ட்ரோலர். சார்ஜ் இருக்கிறது. கவுண்டர் பெண் இன்னும் காத்திருக்கிறாள்.

அவசரமில்லை. இடது குச்சி இன்னும் ரிப்பேர் செய்யப்படவில்லை, தானாகவே இடப்பக்கம் இழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மம்மி சமையலறையில் தட்டுகளை ஊறவைத்துவிட்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"கோகிலா! அந்த ரொட்டிக்காரன் மீன் திம்பானா?"