அடுத்த கூட்டத்துக்கும் அதே நாற்று

அக்கா தையல்காரி. தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அக்கா மாடியில் வைத்த செடி ஒன்றுகூட உருப்பட்டதில்லை. மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்யச் சொல்லித்தரும் பண்ணை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பயிற்சியாளர் நன்றாகத்தான் பேசினார். காய்ந்த இலையால் மண்ணை மூடி ஈரம் காப்பதைச் செய்தே காட்டினார். பிறகு ஆளுக்கொரு தக்காளி நாற்றைக் கொடுத்தார்.

“இனிமே இது உங்க பிள்ளை. காய்ச்சதும் நீங்களே வந்து பறிச்சுக்கலாம்.”

அக்கா உருகிப்போனாள். வேர் நோகாமல் நட்டு, அடையாளத்துக்குத் தண்டில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டினாள்.

தேநீர் குடிக்கும்போதுதான் கைப்பையைப் பாத்தி ஓரத்தில் விட்டுவந்தது அக்காவுக்கு நினைவுக்கு வந்தது. இருவரும் திரும்பிப் போனார்கள். அங்கே வேலையாள் ஒருவர், சற்றுமுன் நட்ட நாற்றுகளை மளமளவென்று பிடுங்கித் தட்டில் செருகிக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் கட்டிய நாற்று தண்டு முறிந்து கிடந்தது.

“என்னங்க பண்றீங்க?”

“மத்தியானம் அடுத்த கூட்டம் வருதும்மா. அவங்களும் நடணும்ல?”

அக்காவுக்கு முகம் சிவந்தது. “விடுக்கா, நமக்கெதுக்கு வம்பு” என்று தங்கை கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தாள் அக்கா. எதையும் வீணாக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்த பயிற்சியாளரின் மேசையில் முறிந்த நாற்றைப் போட்டாள்.

“என் பிள்ளையை ஏன் சார் பிடுங்கிப் போட்டீங்க?”

“மேடம், இது பயிற்சிதானே? ஒவ்வொரு தடவையும் புது நாத்துக்கு எங்க போறது?”

“பயிற்சின்னு சொல்லிட்டுப் பிடுங்குங்க, யாரு வேணாம்னா? வந்து பறிச்சுக்கலாம்னு எதுக்கு எங்க காதுல பூ சுத்தினீங்க?”

“அப்போ என்னோடதும் போச்சா?” என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கூடம் சலசலத்தது.

“ஒரு செடிக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா? சின்னப் பிள்ளைங்களா நீங்க?” என்று பயிற்சியாளர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் தங்கைக்குச் சுருக்கென்றது. யாரிடமும் குரல் உயர்த்தாதவள், விடுவிடுவென்று வெளியே போய் நாற்றுத் தட்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஆளுக்கொண்ணு எடுத்துக்கோங்க.”

“கீழ வைங்க! அது பண்ணையோடது!”

“எங்க பிள்ளைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

தட்டு நொடியில் காலியானது.

வாசலுக்கு வந்தபோது அடுத்த கூட்டம் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நிழல்வலைக் கூடாரத்திலிருந்து தட்டுத் தட்டாகப் புது நாற்றுகள் வெளியே வந்தன.

“பாத்தியாடி! இவ்வளவையும் வெச்சுக்கிட்டா இந்தப் பித்தலாட்டம்?”

பேருந்தில் ஏறியும் அக்காவுக்கு ஆறவில்லை. அடுத்த வாரம் அதே பண்ணைக்குப் போகவிருந்த தன் தையல் கடைப் பெண்களுக்கு உடனே போன் போட்டாள்.

“தாராளமாப் போங்கடி, நல்லாக் கத்துக்கோங்க. ஆனா நட்ட இடத்தை விட்டு ஒருத்தியும் நகரக் கூடாது, சொல்லிட்டேன்!”