அடங்கிடுச்சு

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி நிலையம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே லாரி அளவு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கண்காணிப்பு அறையின் திரையில் சிவப்பு விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. ஒன்று அணையும்போதெல்லாம் அங்கிருந்தவர்கள் "அடங்கிடுச்சு" என்றார்கள், ஏதோ இருமல் நின்றதுபோல. நம் பேச்சில் வேறு என்னவெல்லாம் அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆழ்ந்த மௌனத்தில் பெட்டிகள் உறங்கிக்கொண்...

சீ, பெட்டியாவது உறங்குவதாவது. மறுபடி.

கண்காணிப்பு வேலையிலிருந்தவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது ஏழாம் பெட்டியின் வாயு எச்சரிக்கை சிவந்தது. [அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அதைச் சொல்லியே திட்டத் தொடங்கிவிடுவீர்கள்.] ஏழாம் பெட்டிக்கு அழுமூஞ்சி என்று பட்டம், காரணமே இல்லாமல் அடிக்கடி கத்தும். ஆனால் இந்த முறை கதவிடுக்கில் வெள்ளைப் புகை. பதறிப்போய்த் தீயணைப்பு நிலையத்துக்கு போன் அடித்தாள்.

வந்த வண்டியிலிருந்து முதலில் குதித்த குழுத் தலைவன் அவளுடைய அண்ணன். [சின்ன ஊர், ஒரே தீயணைப்பு நிலையம். வேறு யார் வருவார்? சும்மா இருங்கள்.]

3

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். பேட்டரி சூடேறிக் கெட்டால் எரியக்கூடிய வாயுவைக் கக்கும். அது மூடிய பெட்டிக்குள் நிரம்பிக் கிடக்கும். புகை நின்று, வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அப்போது கதவைத் திறந்து காற்றை விட்டால் வெடிக்கலாம். உள்ளே வாயு இல்லை என்று தெரியும்வரை கதவைத் தொடக்கூடாது. அண்ணனுக்கும் இது தெரியும், தங்கைக்கும் தெரியும்.

புகை நின்றது. அண்ணன் வாக்கி-டாக்கியில் கேட்டான்.

"ஏழு எப்படிம்மா இருக்கு?"

திரையில் சிவப்பு போயிருந்தது.

"அடங்கிடுச்சுண்ணா."

அவள் சொன்னது விளக்கை. அவன் கேட்டது வாயுவை. விளக்கு அணைந்ததோ, உள்ளே சென்சார் வெந்து செத்துப்போனதால். திரையின் ஓரத்தில் 'தொடர்பு இல்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. அவள் அதைக் கவனித்து, பட்டனை அழுத்தி, "அண்ணா, வேண்...

[இதற்கு மேல் அந்த வாக்கியம் நகரவில்லை. கிடக்கட்டும்.]

கூட வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் போய்க் கதவைத் திறந்திருந்தான். வெடித்ததில் கண்காணிப்பு அறையின் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

4

வேறு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் அவள், "விளக்குதான் போயிருக்கு, வாயு தெரியல, கிட்டப் போகாதண்ணா" என்கிறாள். பெட்டி தானாக எரிந்து தீர்கிறது. மாலையில் அண்ணன், "உன் அழுமூஞ்சி என் சட்டையையே நாறடிச்சிருச்சுடி" என்று கிண்டலடிக்கிறான். ஆசையாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன். அவசரத்தில் தினமும் சொல்கிற சொல்தானே வாயில் வரும், பாவம்.

செத்த சென்சாருக்கும் நல்ல பெட்டிக்கும் ஒரே மாதிரி விளக்கை அணையவிட்டவன் யார் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விசாரணையில் யாராவது கேட்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கேட்க ஆளில்லை.

5

அங்கே அண்ணி நிற்கிறாள். டாக்டர் வெளியே வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயாயிற்று. அண்ணி இன்னும் அழவில்லை. நாத்தனாரின் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள்.

"உங்கண்ணன் விசாரிக்காம ஒரு கதவையும் தொட மாட்டாரே. உன்கிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு அண்ணி."

"நீ என்னம்மா சொன்ன?"

இங்கே நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கை விலகிவிடும் என்று பயமாக இருக்கிறது. பொய்யை எழுதினால், அவள் இனி அந்த வீட்டில் எப்படித் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள்? எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணி முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.