அக்கா வந்திருந்தாள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள், சூப் குடித்துக்கொண்டிருந்த அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா மட்டும் இல்லைன்னா நான் பிழைச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அவளுடைய மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் தபால்காரன். ஒரு நாளைக்கு முந்நூறு கதவுகளைப் பார்க்கிறவன், எதற்கும் லேசில் அசரமாட்டான். ஆனால் அந்த வீட்டில் 'அக்கா' என்ற சொல்லை ஆறு வருஷமாக யாரும் வாயால் சொன்னதில்லை. அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒருத்தி. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம், அவ்வளவு தூரத்தில்தான் பெரியம்மா இருந்தாள். இவனுடைய தங்கையின் கல்யாணத்தின்போது, "அக்காவுக்கு மட்டும் நீயே நேர்ல போய் அழைப்பு வச்சுட்டு வா" என்று அம்மா இவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் தபாலில் போட்டான். கேட்டால், அதைவிடப் பத்திரமான வழி உலகத்தில் கிடையாது என்பான். தன் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினான். அது கரண்ட் பில்லோடு பில்லாகப் பெரியம்மா வீட்டுக் கதவிடுக்கில் போய் விழுந்தது. "கூடப் பிறந்தவளுக்குத் தபால்ல அழைப்பா?" என்று போனில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்தவள்தான், கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மாவோ இவனைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, திரும்ப போன் பண்ணவும் இல்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் இவன்தான். ஆறு வருஷமாக அது அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"பெரியம்மா வந்தாங்களா? எப்போம்மா?"

"என்னடா கேள்வி? தினமும்தான். தலையில சிக்கெடுத்து ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டா. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா, பஞ்சை நனைச்சு உதட்டுல ஒத்திக்கிட்டே இருந்தா. ஊசி போட வரும்போதெல்லாம் என் கையைப் பிடிச்சுக்குவா."

"கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தா." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வாட்ச்சை மட்டும் சட்டையில குத்தியிருந்தா, தலைகீழா. அது எனக்கும் புரியலை."

அப்பா மகனைப் பார்த்து, மருந்து மயக்கம் என்று கண்ணால் சொன்னார். அடுக்களைக்கு வந்ததும் வாயாலும் சொன்னார். "பெத்த புள்ளையையே பத்து நிமிஷத்துல துரத்தினா. உங்க பெரியம்மாவை மட்டும் நாள் பூரா உட்கார வச்சிருப்பாளா அந்தப் பத்து நிமிஷம்?"

பத்து நிமிஷம் என்பது நர்சுக்கு இவர்கள் வைத்த பெயர். குடலில் ஓட்டை விழுந்து அம்மா ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் கிடந்தபோது, சாயங்காலம் ஒரே ஒரு தடவைதான் பார்க்க விடுவார்கள். பத்து நிமிஷம்தான் கணக்கு. அந்த நர்ஸ் வந்து, "நேரமாச்சு சார்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் மணி அடித்தவர். தன்னிடமே நேரக் கணக்கா என்று அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். எட்டு நிமிஷம்தான் ஆச்சு என்று தினமும் சண்டை. இவனும் தன் பங்குக்கு அவளை முறைத்துவிட்டுத்தான் வெளியே வருவான். கல்நெஞ்சுக்காரி என்று வீட்டில் ஒரு மனதாக முடிவாகியிருந்தது.

பெரியம்மா வந்திருந்தால் யார் சொல்லி வந்தாள்? எந்த வழியாக உள்ளே போனாள்? வந்தவள் இவர்கள் கண்ணில் ஒரு தடவையாவது பட்டிருக்க வேண்டாமா? தபால்காரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்காக அம்மா சொல்வது பொய் என்றும் தோன்றவில்லை. பின்னலை அவனே பார்த்திருக்கிறான். கை தூக்க முடியாமல் கிடந்தவள் தனக்குத் தானே பின்னிக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். இந்தத் தடவையாவது நேரில்.

கதவைத் திறந்த பெரியம்மா அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை வாசலிலேயே கொட்டினான். "பெரியம்மா, நீங்க செஞ்சதை நாங்க உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்."

"நான் என்னடா செஞ்சேன்?"

குத்தலாகக் கேட்கிறாள் என்று நினைத்தான். "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒன்பது நாளும் நீங்கதான்..."

"எந்த ஆஸ்பத்திரி?" பெரியம்மாவின் கை கதவைப் பிடித்தது. "யாருக்கு என்ன ஆச்சு?"

அவள் வரவும் இல்லை, அவளுக்கு விஷயமே தெரியாது. தங்கச்சி சாகக் கிடந்ததைக்கூட இவர்கள் சொல்லவில்லை. பழைய கணக்கைத் தீர்க்க வந்து புதுக் கணக்கை எழுதிவிட்டோமே என்று அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஆனால் பெரியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன், பஞ்சு, ரெட்டைப் பின்னல் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னான். சொல்லும்போதே வாய் குழறி, "அந்த அழைப்பைத் தபால்ல போட்டதும் நான்தான், பெரியம்மா. அம்மா நேர்லதான் போகச் சொன்னாங்க" என்பதும் வந்துவிட்டது.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். பிறகு, "உன்னை அப்புறம் பேசிக்கறேன்" என்றாள். "என் இடத்துல நின்னு அவளுக்குத் தலை வாரினது யாரு? முதல்ல அதைப் பார்க்கணும். கிளம்பு." ஆப்பிள் பையை அவளே தூக்கிக்கொண்டாள்.

ஐ.சி.யூ. வாசலில் அவர்கள் போய் நின்றபோது கதவைத் திறந்துகொண்டு வந்தது பத்து நிமிஷம்தான். தபால்காரன் பழக்க தோஷத்தில் முறைக்கப் போனான். அப்போதுதான் அவள் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த வாட்ச் கண்ணில் பட்டது. கண்ணாடியும் போட்டிருந்தாள். ஒன்பது நாளும் அவளை முறைத்தானே தவிர, பார்க்கவே இல்லை. அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"அம்மா எப்படி இருக்காங்க, சார்?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். "சாப்பிடறாங்களா?"

"இவங்க என் பெரியம்மா" என்றான் அவன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அம்மாவோட அக்கா."

நர்சின் முகம் சுருங்கிப்போனது. கையிலிருந்த பேப்பர் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கம்மா. முதல் நாள் மயக்கம் தெளியறப்ப அவங்க அக்கா அக்கான்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. டியூபை எல்லாம் பிடுங்கப் பார்த்தாங்க. கையைக் கட்டில்ல கட்டிடலாம்னு டாக்டர் சொன்னாங்க, எனக்கு மனசு வரலை. கிட்டப் போய், அக்கா வந்துட்டேன்னு சொன்னேன். உடனே அடங்கிட்டாங்க. அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல முடியலை. ஒன்பது நாளும் அக்காவாவே இருந்துட்டேன்."

"தலை வாரினது?"

"என் டியூட்டி முடிஞ்சதும் வாரிவிடுவேன். சிக்கு ரொம்ப வலிச்சது அவங்களுக்கு."

தபால்காரனுக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல், "உங்களுக்கு நாங்க பத்து நிமிஷம்னு பேர் வச்சிருந்தோம்" என்று உளறினான்.

அவள் சிரித்துவிட்டாள். "பரவாயில்லை சார், இதைவிட மோசமா எல்லாம் வச்சிருக்காங்க. உங்கப்பாவை மட்டும் தினமும் பன்னிரண்டு நிமிஷம் விட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க."

பெரியம்மா பையை நீட்டினாள். வாங்கக் கூடாது என்று நர்ஸ் மறுத்தாள். பெரியம்மா விடவில்லை. கடைசியில் அவள் ஒரே ஒரு ஆப்பிளை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் போனவள் நின்றாள்.

"இன்னொண்ணு சொல்லணும்மா. ஒரு நாள் அவங்க, அக்கா, உனக்கு இன்னும் என்மேல கோபமான்னு கேட்டாங்க. என்ன கோபம், எதுக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. கோபமெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேட்காம சொல்லிட்டேன். தப்பா?"

பெரியம்மா அந்தப் பெண்ணின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளே ஏதோ மணி அடித்தது, அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் மனசில் என்ன ஓடுகிறதென்று தபால்காரனுக்குப் பிடிபடவில்லை. கோபம் இல்லை என்று யாரோ சொன்னால் இவள் கோபம் போய்விடுமா? ஒருவேளை அதிகமாகியிருக்குமா? இறங்க வேண்டிய இடம் வந்ததும் அவனுக்கு முன்னால் அவளே இறங்கினாள்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஆச்சரியப்படவே இல்லை, நேற்றுப் பார்த்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பார்வை அப்படியே இறங்கி நெஞ்சில் வந்து நின்றது.

"வாட்ச் எங்கக்கா?"

தபால்காரன் பெரியம்மாவைப் பார்த்தான். வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

"அது நான் இல்லடி" என்றாள் பெரியம்மா. "அங்க இருக்கற நர்ஸ் பொண்ணு. நீ கத்தறதைப் பொறுக்க முடியாம எனக்குப் பதிலா அவ வந்து நின்னிருக்கா. எனக்கு யாரும் சொல்லலை. நான் இப்பத்தான் வர்றேன்."

அம்மா குழம்பிப்போனாள். மகனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அது பாதி அவிழ்ந்து கிடந்தது.

"அப்போ, என்மேல கோபம் இல்லைன்னு சொன்னது?"

பெரியம்மா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது நான்தான்" என்றாள். "திரும்பி உட்காரு. சீப்பு எங்க இருக்கு?"