பெற்றோர் கைபேசி எண்

முப்பத்தைந்து நாற்காலிகளையும் சித்ரகலாவே துடைத்துப் போட்டாள். கணியூரைத் தாண்டி உள்ளடங்கிய சிற்றூர் அது. காலை பத்து மணிக்கே சமுதாயக் கூடத்தில் புழுங்கியது. இலவசத் தையல் பயிற்சி, விடுதி, சாப்பாடு, முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை என்று அச்சடித்த பேனரை வேல்குமார் சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவன் வேலை. முப்பத்தைந்து பேர் தேறினால்தான் ஒரு வகுப்புக்கு அனுமதி.

"நீங்க இல்லீன்னா இந்த ஊருல ஒரு புள்ளயும் வந்திருக்காதுங்க்கா. உங்க மனசு யாருக்கு வரும்?"

"புள்ளைங்க முன்னுக்கு வரோணுமல்ல கண்ணு," என்றாள்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய ஒரே மகள் யாழினியைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். விடுதியில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் அவள் இறந்துபோனாள். வேல்குமார் மாலையோடு வந்து அழுதான். அந்த அழுகை பொய்யென்று சித்ரகலா அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதனால் அவன்மேல் இருந்த வன்மம் ஒரு நூலளவும் குறையவில்லை.

காரியம் முடிந்து மகளின் துணிமணிகளை வாங்கப் போனபோது விடுதி வார்டன் குறைப்பட்டுக்கொண்டாள். "மூணு தடவ போன் பண்ணுனமுங்க. மாத்தரை குடுங்க, சரியாப் போயிரும்னுட்டாரு உங்க ஊட்டுக்காரரு. பெத்தவங்க சொல்லாம நாங்க எப்படீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

சித்ரகலாவின் கணவன் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவள் கத்தவில்லை. சேர்க்கைப் படிவத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெற்றோர் கைபேசி எண் என்ற கட்டத்தில் அவள் அறியாத ஓர் எண் இருந்தது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்தாள். "சொல்லுங்க" என்றது வேல்குமாரின் குரல். வைத்துவிட்டாள். மேலிடத்திலிருந்து பெற்றோரை அழைத்து, பிள்ளை ஒழுங்காக வகுப்புக்குப் போகிறதா, வேலை கிடைத்ததா என்று விசாரிப்பார்களாம். ஊர்க்காரர்கள் போனை எடுப்பதில்லை, எடுத்தால் உளறிவிடுகிறார்கள். அந்தத் தொல்லை வேண்டாமென்று தன்னுடைய நாலு சிம் எண்களையே மாற்றி மாற்றிப் போட்டுவந்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவனே அப்பன்.

மறுபடி இந்தப் பக்கம் ஆள் சேர்க்க அவன் வந்தபோது சித்ரகலாவே வலியப் போய், கூட வருகிறேன் என்றாள். அவள் மன்னித்துவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். மூன்று வாரம் வீடு வீடாக நடந்தாள். பறிகொடுத்தவளே வந்து கூப்பிடும்போது எந்தத் தாய்க்கும் மறுக்க வாய் வரவில்லை. "பொங்க நோம்பிக்கு ஊருக்கு உடுவாங்களா அத்தை?" என்று ஒரு பெண் கேட்டாள். "உடுவாங்க கண்ணு," என்று சொன்னபோது நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னாள். படிவங்களையும் அவளே எழுதினாள். கைபேசி எண் கட்டத்தை மட்டும், "நான் போட்டுக்கறனுங்க்கா" என்று அவன் வாங்கிக்கொண்டான்.

பதினொரு மணிக்குள் நாற்காலிகளில் தாய்மார் நிறைந்துவிட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து படிவங்களைப் புரட்டினார். அவருக்கு இளநீர் வாங்க வேல்குமார் வெளியே ஓடினான். சித்ரகலா யாழினியின் படிவ நகலை மேசைமேல் விரித்தாள்.

"போன வருசம் சேந்த ஒரு புள்ளைங்க மேடம். இவங்கப்பனுக்கு ஒருக்காப் போன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கருல போட்டீங்கன்னா இவியளுக்கும் ஒரு நம்பிக்கை வருமுங்க."

அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. படிவத்திலிருந்த எண்ணை அழுத்தி, பெண்ணின் அப்பாவா என்று கேட்டார்.

"ஆமாங்க, அப்பாதான் பேசறனுங்க. எந்தப் புள்ளைங்க?"

குரல் மேசையிலிருந்து வந்தது. சன்னலுக்கு வெளியே, இளநீர் வண்டியருகிலிருந்தும் வந்தது. எல்லாத் தலைகளும் சன்னல் பக்கம் திரும்பின.

"அடக் கருமமே," என்றாள் முன்வரிசையிலிருந்த கமலாம்பாள். "இவனுக்கு ஊருக்கொரு சம்சாரமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சித்ரகலா போனருகே குனிந்தாள்.

"யாழினிங்க. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்களா, மாத்தரையே குடுக்கட்டுங்களா?"

வெளியே ஒரு கையில் சீவிய இளநீரும் மறு கையில் போனுமாக அவன் அப்படியே நின்றான்.

"அக்கா..."

"அக்கா இல்லீங்க. வார்டன் பேசறனுங்க. சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

அவள் மறுபடி கேட்டாள். அதே சொற்களை, அதே குரலில், மூன்றாவது முறையும் கேட்டாள். அதற்குள் பெண்கள் எழுந்து மேசையில் கிடந்த தங்கள் பிள்ளைகளின் படிவங்களைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரி அம்மா யாருக்கோ போன் செய்தபடி வெளியேறினார். நாற்காலிகள் சரிந்தன. மின்விசிறிக் காற்றில் மிஞ்சிய தாள்கள் தரையெங்கும் பறந்தன.

வேல்குமார் உள்ளே வந்தான். யார் முகத்தையும் பாராமல் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கடைசித் தாள் சித்ரகலாவின் காலடியில் இருந்தது. தெரியாமல் ஒரு தாளை மிதித்துவிட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள்.

"காலை எடுங்க்கா."

குதிகாலை இன்னும் அழுத்தினாள். அவன் தாளின் ஓரத்தைப் பிடித்தபடி காத்திருந்தான். அவள் கால்விரல்களுக்கு நடுவே பாஸ்போர்ட் போட்டோவில், தலை படிய வாரிய யார் வீட்டுப் பெண்ணோ ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.